ஓட்டில் எழுதிய ஓட்டு: ஏதென்ஸில் பெயர் கீறியது யார் கை?

கேள்வி, ஜூன் 4

பண்டைய ஏதென்ஸில் வருடத்துக்கு ஒரு தலைவரை, மக்கள் உடைந்த பானை ஓட்டில் பெயர் எழுதிப் போட்டே பத்து வருடம் ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்களாம். வழக்கு கிடையாது, சாட்சி கிடையாது, வக்கீல் கிடையாது. ஒவ்வொருவரும் தன் கையால் எழுதினார்கள், இடையில் தரகர் யாரும் இல்லை. இதைவிடச் சுத்தமான ஜனநாயகம் எங்காவது இருந்திருக்கிறதா?

ஜூன் 4, இரவு

"தன் கையால்" என்ற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது.

1937இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஆஸ்கர் புரோனீர் என்ற தொல்லியலாளர் ஒரு பழைய கிணற்றைத் தோண்டினார். உள்ளே 190 ஓடுகள். பெரும்பாலும் குடிக்கும் கிண்ணங்களின் வட்டமான அடிப்பாகம். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: தெமிஸ்டோக்ளிஸ். சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களைத் தோற்கடித்த அதே ஆள். எழுத்தின் சாயலை ஒப்பிட்டுப் பார்த்தால் 190 ஓட்டையும் எழுதியவர்கள் மொத்தம் 14 பேர்தான்.

190 பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் 190 கையெழுத்து இருக்க வேண்டும். யாரோ உட்கார்ந்து மொத்தமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தரகர் இருந்திருக்கிறார். என் பார்வையில் இது அப்பட்டமான சதி.

ஜூன் 5

கேள்வியில் இன்னொரு திருத்தம். வருடத்துக்கு ஒருவர் என்பது சரியில்லை. வருடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள், அவ்வளவுதான்: "இந்த வருடம் ஓடு போடலாமா, வேண்டாமா?" மக்கள் மன்றத்தில் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த வருடம்தான் பேச்சு. பெரும்பாலான வருடங்களில் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். கி.மு. 487இல் ஹிப்பார்கோஸ் முதலில் போனார். கி.மு. 416 வாக்கில் ஹைபர்போலஸ் கடைசியாகப் போனார். இந்த எழுபது வருடத்தில் போனவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான்.

வேண்டும் என்று முடிவானால், சுமார் இரண்டு மாதம் கழித்து ஓடு நாள். அகோரா என்ற ஊர்ப் பொதுவெளியைத் தடுப்பு கட்டி அடைத்து, பத்துக் குலத்துக்கும் பத்து வாசல் விடுவார்கள். அவரவர் குலத்து வாசலில் நுழைந்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி ஓட்டைப் போட வேண்டும். போகச் சொல்லப்பட்டவருக்குப் பத்து நாள் அவகாசம். பத்து வருடம் வெளியே. நிலம், வீடு, அதிலிருந்து வரும் வருமானம் எதிலும் கை வைக்க மாட்டார்கள். குடியுரிமையும் போகாது.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. கிரேக்கத்தில் "ஒஸ்ட்ரகோன்" என்றால் பானை ஓடு, ஆமை ஓடு, சிப்பி ஓடு மூன்றும்தான். நம் "ஓடு" என்ற சொல்லும் அப்படியே. போதாததற்கு நமக்கு "ஓடு" என்றால் "போய்விடு" என்றும் பொருள். ஓட்டு என்றால் வாக்கு, ஓட்டு என்றால் விரட்டு. ஏதென்ஸ்காரர்கள் ஒரு முழுச் சட்டம் எழுதிச் செய்ததை நாம் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். இரண்டு மொழிக்கும் சம்பந்தம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தற்செயல்தான். ஆனால் அழகான தற்செயல்.

ஜூன் 7

நேற்று விளிம்பு உடைந்த தண்ணீர்ப் பானையை எறியப் போனார்கள். வாங்கி வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். உள்ளங்கை அளவு துண்டு, ஒரு இரண்டங்குல ஆணி.

கிரேக்கப் பெரிய எழுத்தில் "நெயோக்ளிஸ் மகன் தெமிஸ்டோக்ளிஸ்" என்று கீறினால் 19 எழுத்து வருகிறது. மகன் என்ற சொல்லை எழுத வேண்டியதில்லை, தகப்பன் பெயரை வேற்றுமையில் போட்டாலே போதும். கோடுகள் உள்ள எழுத்து சுலபம். இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு, முடிந்தது. வட்டம்தான் உயிரை எடுக்கிறது. ஆணி வளைவில் வழுக்கி வெளியே ஓடுகிறது. அசல் ஓடுகளில் வட்டம் வர வேண்டிய இடத்தில் பல சமயம் கோணல்மாணலாக ஒரு கட்டம் இருக்கும். ஏன் என்று இப்போது கைக்கே தெரிகிறது. அப்புறம் தமிழில் என் பெயரை எழுதிப் பார்த்தேன். மூன்றாவது எழுத்தில் ஓடு இரண்டாகப் பிளந்தது.

முதல் ஓட்டுக்கு ஆறு நிமிடம் ஆனது. ஐந்தாவது ஓட்டுக்கு மூன்று நிமிடம். சரி, ஓட்டுக்கு மூன்று நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். 190 ஓட்டை 14 பேர் பங்கு போட்டால் ஆளுக்குப் பதின்மூன்று, பதினான்கு. முக்கால் மணி நேரம். ஒரு சாயங்காலம் நண்பர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே முடித்துவிடலாம்.

அதாவது "அப்பட்டமான சதி" என்று 4ஆம் தேதி எழுதினேனே, அதற்கு இந்தக் கணக்கு போதாது. குறைந்தது 6,000 பேர் கூடும் இடத்தில் 190 என்ன செய்யும்?

ஜூன் 8

இன்று காலை நடக்கப் போனபோது இன்னொன்று உறைத்தது. அந்த ஓடுகள் கிணற்றில் கிடந்தன. வாக்காகப் போடப்பட்டிருந்தால் மற்ற ஓடுகளோடு கலந்து, பல பெயர்களோடு கிடந்திருக்க வேண்டும். ஒரே பெயர் மட்டும் தனியாகக் கிடக்கிறது என்றால், எழுதி வைத்துக் கொடுக்காமல் மிஞ்சியவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் 190 என்பது எழுதியதின் மொத்தம் அல்ல, மிச்சம்.

எனவே நேற்றுச் சொன்ன "190 என்ன செய்யும்" என்ற வாதத்தையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முக்கால் மணிக் கணக்கும் அதோடு போனது.

ஜூன் 9

6,000 பற்றிக் கேட்டவருக்கு: பழைய ஆசிரியர்களே இதில் இரண்டு பக்கம். புளூட்டார்க், மொத்தம் 6,000 ஓடு விழுந்தால் செல்லும், அதில் அதிகம் பெயர் வந்தவர் போக வேண்டும் என்கிறார். பிலோகோரஸ், ஒரே ஆளுக்கு எதிராக 6,000 வர வேண்டும் என்கிறார். நான் புளூட்டார்க் பக்கம். ஏதென்ஸில் வாக்குரிமை உள்ள ஆண்கள் சுமார் 30,000 பேர். வயலையும் கடையையும் விட்டுவிட்டு வந்து, அதில் 6,000 பேர் ஒருவனையே குறிவைப்பது நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை.

பெண்களுக்கும் அடிமைகளுக்கும் குடியேறிய அயலூராருக்கும் ஓடு கிடையாது. "மக்கள்" என்று நாம் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கிண்ணங்களைக் கழுவியவர்களில் பாதிப் பேருக்கு அதன் உடைந்த துண்டில் எழுத உரிமை இருந்திருக்காது.

ஜூன் 11

நான் இருபத்தெட்டு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணி தப்பாது. ஒருமுறை ஒரு பாட்டி உள்ளே வந்து, என் கையைப் பிடித்து, "எனக்குப் படிக்கத் தெரியாது சாமி, எங்க படம் இருக்குன்னு மட்டும் காட்டு" என்றார். காட்டக் கூடாது என்பது விதி. அவர் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அமைதியாக நின்றேன். நம் நாட்டில் சின்னம் வந்ததே அவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

ஏதென்ஸில் சின்னம் இல்லை. எழுத்துத் தெரிந்தால்தான் ஓடு. தெரியாதவர் என்ன செய்வார்? இன்னொருவரிடம்தான் கேட்க வேண்டும். அரிஸ்டைடிஸ் கதை இங்கேதான் வருகிறது. நகரமே அவரை "நீதிமான்" என்று அழைத்தது. கி.மு. 482இல் ஓடு நாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நாட்டுப்புறத்தான் கூட்டத்தில் யாரோ ஒருவரிடம் ஓட்டை நீட்டி, "அரிஸ்டைடிஸ் என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறான். வாங்கியவர் அரிஸ்டைடிஸேதான். "அவர் உனக்கு ஏதாவது கெடுதல் செய்தாரா?" என்று கேட்கிறார். "ஒன்றுமில்லை. ஆளைக்கூட எனக்குத் தெரியாது. எங்கே போனாலும் நீதிமான், நீதிமான் என்று கேட்டுச் சலித்துவிட்டது." அவர் ஒன்றும் பேசாமல் தன் பெயரை எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

புளூட்டார்க் இதை எழுதும்போது ஏறத்தாழ 580 வருடம் ஓடிவிட்டது. கதை நடந்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் அதற்குள் இருக்கும் பழக்கம் உண்மை: எழுதத் தெரியாதவர் எழுதித் தரச் சொல்வது. அப்படியானால் கிணற்று ஓடுகளை எழுதிய 14 பேரும் சதிகாரர்களாகத்தான் இருக்க வேண்டுமா? படிக்காதவர்களுக்கு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தவர்களாகவும் இருக்கலாமே. எழுதி வைத்ததை யாரிடம் வேண்டுமானாலும் திணிக்கலாம் என்ற ஆபத்தும் அதே ஓட்டில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டி என் கையைப் பிடித்தபோது, சுட்டிக் காட்ட என் விரல் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

ஜூன் 14

"எல்லா ஓடுமே யாரோ எழுதிக் கொடுத்ததுதான் என்கிறீர்களா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. மறுபக்கச் சான்று மலை போல இருக்கிறது.

1966 முதல் 1969 வரை கெராமெய்கோஸ் பகுதியில், எரிடனோஸ் ஆற்றின் பழைய படுகையில் ஜெர்மன் தொல்லியலாளர்கள் ஏறத்தாழ 8,500 ஓடுகளை எடுத்தார்கள். மெகாக்ளிஸ் பெயர் மட்டும் 4,000க்கு மேல். தெமிஸ்டோக்ளிஸ் 2,000க்கு மேல். கூடை கூடையாக விழுந்த ஓடுகள். ஒரே பானையின் துண்டுகள், சேர்த்து வைத்தால் விளிம்போடு விளிம்பு பொருந்துகின்றன. ஆனால் ஒரு துண்டில் ஒரு பெயர், பக்கத்துத் துண்டில் வேறு பெயர். பானையை அங்கேயே போட்டு உடைத்து, ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு, அவரவர் மனசுக்குப் பட்டதை எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவன் யார் பெயரை எழுதுகிறான் என்று எட்டிப் பார்த்தும் இருப்பார்கள்.

பெயரோடு நிறுத்தாதவர்களும் உண்டு. மெகாக்ளிஸ் ஓடு ஒன்றில் "குதிரை வளர்ப்பவன்" என்று சேர்த்திருக்கிறது. குதிரை கட்டித் தீனி போடுவது பெரும் பணக்காரர் வேலை, அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். கல்லியாஸ் பெயருள்ள ஓடு ஒன்றின் பின்பக்கம் பாரசீக உடையில் ஒரு வில்லாளி கீறப்பட்டிருக்கிறது. எதிரிக்கு விலைபோனவன் என்று அர்த்தம். கிமோன் ஓடு ஒன்றில், "எல்பினிகேயையும் கூட்டிக்கொண்டு கிளம்பு" என்று இருக்கிறது. எல்பினிகே கிமோனின் சகோதரி. இருவரையும் சேர்த்து ஊர் பேசிய வம்பு அந்த ஓட்டில் ஏறிவிட்டது. இன்னும் சில ஓடுகளில் ஆள் பெயரே இல்லை, "பஞ்சம்" என்று எழுதியிருக்கிறது. ஊரைவிட்டுப் போக வேண்டியது பஞ்சம்தான் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். எல்லா ஓட்டிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

இவை யாரும் எழுதிக் கொடுத்தவை அல்ல. ஆணி பிடித்தவனுக்குள் ஒரு கடுப்பு இருந்தது, அது அப்படியே இறங்கியிருக்கிறது.

ஜூன் 15

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "அப்படியானால் என் கருத்து சரிதானே?" என்கிறார். பாதி சரி. ஆனால் ஓட்டிலே அழகைத் தேடாதீர்கள். எனக்கு அழகு அந்த இரண்டு மாதத்தில்தான் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். முதலில் "போடலாமா" என்று கேட்டார்கள். அப்போது யார் பெயரும் வாக்குக்கு வரவில்லை. பிறகு இரண்டு மாதம் சும்மா போகிறது. கோபம் ஆறும். சிலருக்கு ஏறும். அதற்குப் பிறகுதான் ஓடு.

இந்த இடைவெளி இல்லாத இடங்களில் அதே ஏதென்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? கி.மு. 427. லெஸ்போஸ் தீவின் மைட்டிலினி நகரம் கலகம் செய்து தோற்றது. வயதுவந்த ஆண்கள் எல்லோரையும் கொல்வது, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்பது என்று மன்றம் ஒரே நாளில் முடிவெடுத்து, அன்றே கப்பலை அனுப்பிவிட்டது. மறுநாள் காலை ஊருக்கே மனசு கேட்கவில்லை. மறுபடி கூடினார்கள். கிளியோன் கொல்லத்தான் வேண்டும் என்றார். டியோடோட்டஸ் கூடாது என்றார். கைகள் ஏறத்தாழச் சமமாக உயர்ந்தன. டியோடோட்டஸ் ஜெயித்தார்.

ஆனால் முதல் கப்பல் ஒரு பகலும் ஒரு இரவும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது கப்பலை அவிழ்த்தார்கள். துடுப்பு போட்டவர்கள், திராட்சை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவை இழுத்துக்கொண்டே தின்றார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள், துடுப்பு நிற்கவில்லை. எதிர்காற்றும் அடிக்கவில்லை. முதல் கப்பல்காரர்களுக்கோ அந்த வேலையில் மனசில்லை, மெதுவாகத்தான் போனார்கள். தளபதி பாகெஸ் கொலை ஆணையைப் படித்து, நிறைவேற்றப் போகும் நேரத்தில் இரண்டாவது கப்பல் துறையில் வந்து நின்றது. அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதிய பக்கங்களில் நான் வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டுவது இதுதான். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அப்புறம் அடுத்த வரியையும் படிப்பேன்: கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள்.

கி.மு. 406இல் இரண்டாவது கப்பலும் இல்லை. அர்கினூசே கடற்போரில் ஜெயித்த தளபதிகள், புயலில் மூழ்கிக்கொண்டிருந்த தம் ஆட்களைக் காப்பாற்றவில்லை என்று எட்டுப் பேரையும் ஒரே வாக்கில் குற்றவாளிகளாக்கினார்கள். கையில் கிடைத்த ஆறு பேருக்கு மரணம். அதில் ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளிஸின் மகனும் ஒருவர். பிறகு வருந்தினார்கள்.

ஜூன் 16

ஓடு போட்டு அனுப்பியதில் இப்படி யாரும் சாகவில்லையே, திரும்பி வர வழி இருந்ததே என்று எழுத நினைத்து நேற்று விட்டுவிட்டேன். கி.மு. 480இல் பாரசீக மன்னன் செர்க்சிஸ் பெரும்படையோடு வந்தபோது, வெளியே போனவர்களை ஏதென்ஸ் திரும்பக் கூப்பிட்டது. அரிஸ்டைடிஸ் வந்தார். தன்னை வெளியேற்றப் பாடுபட்ட தெமிஸ்டோக்ளிஸோடு சேர்ந்து சலாமிஸில் நின்றார். மறுவருடம் பிளாட்டியாவில் ஏதென்ஸ் படைக்குத் தலைமை அவர்தான். செத்துப்போனவரை அப்படிக் கூப்பிட முடியாது.

பெரிக்ளிஸின் தகப்பன் சாந்திப்பஸும் கி.மு. 484இல் போனவர், அவரும் திரும்பி வந்தார். ஊரையே காலி செய்து சலாமிஸ் தீவுக்குப் படகில் போனபோது, அவருடைய நாய் கரையில் நிற்க முடியாமல் கடலில் குதித்து, படகின் பக்கத்திலேயே நீந்திப் போய், கரை ஏறியதும் செத்து விழுந்ததாம். புளூட்டார்க் சொல்வது. விஷயத்துக்குச் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அந்த நாயை விட்டுவிட்டு சாந்திப்பஸைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

ஜூன் 16, பின்குறிப்பு

"யாரும் சாகவில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன், திருத்துகிறேன். தெமிஸ்டோக்ளிஸ் வெளியே போனபின், பாரசீகத்தோடு கூட்டு என்று குற்றம் சாட்டித் துரத்தினார்கள். அவர் கடைசியில் அதே பாரசீக மன்னரின் வாரிசிடம் அடைக்கலம் புகுந்து, மக்னீசியாவில் இறந்தார். ஊர் திரும்பவில்லை. ஹைபர்போலஸ் சாமோஸ் தீவில் கி.மு. 411இல் கொல்லப்பட்டார்.

ஜூன் 20

ஹைபர்போலஸ் ஏன் கடைசி என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அப்போது மோதல் நிகியாஸ், அல்சிபியாடிஸ் என்ற இரண்டு தலைவர்களுக்கு இடையில். இருவரில் ஒருவர் போவது உறுதி. ஹைபர்போலஸ் அதில் குளிர்காயப் பார்த்தார். இரண்டு பக்கத்து ஆட்களும் இரவோடு இரவாகக் கைகோத்து, மூன்றாவது ஆளான அவர் பெயரையே எழுத வைத்துவிட்டார்கள். ஊர் முதலில் சிரித்தது, அப்புறம் அருவருத்தது. இவனைப் போன்றவனுக்காகவா ஓடு கண்டுபிடித்தார்கள் என்று ஒரு நகைச்சுவை நாடகக் கவிஞரே எழுதினார். அவர் பெயரும் பிளேட்டோதான், தத்துவஞானி அல்ல. அதற்குப் பிறகு யாரையும் ஓடு போட்டு அனுப்பவில்லை. சட்டம் மட்டும் ஏட்டில் இருந்தது.

கேள்வி கேட்டவர் இல்லவே இல்லை என்ற தரகர் இவர்கள்தான். கிணற்றுக்குள் 14 கையெழுத்தில் நான் தேடியது, கடைசியில் இரண்டு தலைவர்களின் கைகுலுக்கலில் இருந்தது.

ஜூன் 21

இந்த ஓடு விவரங்களில் பல "ஏதென்ஸ் அரசமைப்பு" என்ற, அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள நூலிலிருந்து வருபவை. அந்த நூல் பல நூற்றாண்டுகள் காணாமல் போய், எகிப்திலிருந்து வந்த பாப்பிரஸ் சுருள்களில் கிடைத்து, 1891இல் அச்சானது. சுருளின் முன்பக்கம் முழுக்க ஒரு பண்ணையின் வரவு செலவு. கி.பி. 78, 79 வருடத்துக் கணக்கு. காகிதம் வீணாக வேண்டாம் என்று யாரோ பின்பக்கத்தில் இந்த நூலை எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. ஓடும் அப்படித்தானே, உடைந்துபோன பானை.

கீழடி ஓடுகளோடு ஒப்பிடச் சொன்னவருக்கு: அவற்றில் இருப்பவை பெரும்பாலும் பானைக்கு உரியவரின் பெயர், வாக்கு அல்ல. ஆனால் ரோமானியர் காலத்து எகிப்தில், செங்கடல் துறையான குசெய்ர் அல் காதிமில், தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சாதன் என்பது ஒரு பெயர். கிரேக்கம் பேசிய துறைமுகத்தில் நம் ஆள் ஒருவர் ஓட்டில் ஆணி வைத்திருக்கிறார்.

ஜூலை 2

"அரிஸ்டைடிஸ் பெயர் உள்ள ஓடு நிஜமாகவே கிடைத்திருக்கிறதா?" என்று தனியாகக் கேட்டிருந்தார் ஒருவர்.

கிடைத்திருக்கிறது, ஒன்றல்ல, பல. சில வருடங்களுக்கு முன் மகள் வேலையாக ஏதென்ஸ் போனபோது நானும் போனேன். அவள் கூட்டத்துக்குப் போய்விட்டாள், நான் அகோராவில் அட்டலோஸ் மண்டபத்து அருங்காட்சியகத்தில் மதியம் முழுக்க ஓட்டுப் பெட்டியின் முன் நின்றேன். கறுப்புப் பூச்சு போட்ட துண்டுகளில் கீறிய இடமெல்லாம் அடியில் இருக்கும் செம்மண் நிறம் தெரியும். அரிஸ்டைடிஸ் ஓடு இரண்டு வரி. மேலே பெயர், கீழே தகப்பன் லிசிமாகோஸ் பெயர். எழுத்து திருத்தமாக இருந்தது. எழுதிப் பழகிய கை.

பாதுகாவலர் வந்து கண்ணாடியில் மூக்கு படக் கூடாது என்று சைகை காட்டினார். ஒரு அடி தள்ளி நின்று, அந்தக் கீழ் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.